சுவருக்கு அந்தப் பக்கத்து ஊசி

மே 4, சனி

எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் டைரியிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. இன்று சாயங்காலம், ஊரில் நாலு பேர் வணக்கம் வைக்கிற பம்ப்செட் வியாபாரியாகிய நான், பக்கத்து வீட்டுச் சுவரில் எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வைத்து அதன் பின்பக்கத்தில் காதை ஒட்டிக்கொண்டு நின்றேன். வாசல் கதவைச் சாத்த மறந்துவிட்டேன். தண்ணீர் கேன் போடுகிறவர் தோளில் கேனோடு உள்ளே வந்துவிட்டார்.

"என்னங்ணா பண்றீங்?"

"கரையான் அரிக்குதான்னு பாக்கறேன். உள்ள சத்தம் கேக்கும்."

அவர் கேனை இறக்கிவிட்டு, அக்கறையாகத் தானும் சுவரில் காதை வைத்தார். "பாட்டு கேக்குதுங்ணா," என்றார்.

"தூரத்துல இருந்து கேட்டா கரையான் அப்பிடித்தான் கேக்கும்," என்றேன்.

நம்பினாரா என்று தெரியவில்லை. தலையை ஆட்டிக்கொண்டே போனார்.

விஷயம் இதுதான். பக்கத்து ஃபிளாட் டாக்டர் ஜெபமணி, பல் டாக்டர், போன வருஷம் என் வீட்டுக்கு வந்து என் டர்ன்டேபிளைப் பார்த்துவிட்டுத் தானும் ஒன்று வாங்க ஆசைப்பட்டார். என்னிடம்தான் யோசனை கேட்டார். என்னுடையதைவிட ஒரு படி கீழே இருக்கிற மாடலைச் சிபாரிசு செய்தேன். பக்கத்து வீட்டுக்காரன் எவனும் அதைத்தான் செய்வான். அந்தச் சாமானில் இருந்துதான் இப்போது இந்தச் சத்தம் வருகிறது. ஒரு பெண் குரல், பின்னால் வெறும் ஆர்மோனியம். இசைத்தட்டில் வருகிற குரல் மாதிரியே இல்லை, அறைக்குள் ஒரு ஆள் உட்கார்ந்து பாடுகிற மாதிரி. மூச்சை இழுப்பதுகூடக் கேட்கிறது. கரகரப்பு மருந்துக்கும் இல்லை.

எனக்குத் தெரியாமல் மனுஷன் எதையோ மாற்றிவிட்டார். மாற்றியது டர்ன்டேபிளையா, கார்ட்ரிட்ஜையா என்பதுதான் கேள்வி. (தட்டைச் சுற்றுகிற பெட்டி டர்ன்டேபிள். அதன் கை நுனியில் ஊசியைப் பிடித்துக்கொண்டிருக்கிற விரல்நுனி அளவுச் சாமான் கார்ட்ரிட்ஜ். இது என் பேரப்பிள்ளைகள் பிற்காலத்தில் படிப்பதற்காக.)

ஜூன் 9 எங்கள் கல்யாண நாள். அதற்குள் என் அறையில் அந்தக் குரல் வர வேண்டும், சாந்தாமணி வந்து உட்கார்ந்து கேட்க வேண்டும். அவள் என் பாட்டறைப் பக்கம் எட்டிப் பார்த்தே ரொம்ப நாள் ஆகிறது. சத்தம் சரியில்லாமல்தான் வருவதில்லை என்று நினைக்கிறேன். வேறென்ன காரணம் இருக்க முடியும்.

மே 6, திங்கள்

லிஃப்டுக்குப் பக்கத்தில் அசோசியேஷன் நோட்டீஸ்: இரண்டாவது மாடிச் சுவர்களில் கரையான், அடுத்த வாரம் மருந்து அடிக்க ஆள் வரும், விழிப்போடு கண்டுபிடித்துச் சொன்ன திரு. சென்னியப்பனுக்கு நன்றி.

மே 9, வியாழன்

டவுன்ஹால் பக்கத்துச் சந்தில் கமாலுதீன் பாய் கடை. பழைய தட்டு, பழைய டர்ன்டேபிள், புது கார்ட்ரிட்ஜ் எல்லாம் கிடைக்கும். பாயிடம் இல்லாத ஒரே சாமான் மாற்றுக் கருத்து.

"பாய், டர்ன்டேபிளை மாத்தறதா, கார்ட்ரிட்ஜை மாத்தறதா?"

"நீங்க என்ன நெனைக்கிறீங்கண்ணே?"

"டர்ன்டேபிள்னு தோணுது."

"அதேதாண்ணே. அடிப்படை ஆடுச்சுன்னா மேல எதை வச்சு என்ன பிரயோஜனம்."

"ஆனா தட்டைத் தொடறது கார்ட்ரிட்ஜுதானே."

"அதேதாண்ணே. தொடற எடம் சரியில்லாம அடியில எதை வச்சு என்ன பிரயோஜனம்."

எனக்குத் தெரிந்த பாஷையில் யோசித்துப் பார்த்தேன். கிணற்றில் தண்ணீரைத் தொடுகிறது ஃபுட்வால்வ். மேலே இழுக்கிறது மோட்டார். ஃபுட்வால்வ் ஒழுகினால் எவ்வளவு பெரிய மோட்டாரும் காற்றைத்தான் இழுக்கும். கஸ்டமர் வந்தால் இதை ஒரு நிமிஷத்தில் சொல்லி அனுப்பிவிடுகிறேன். எனக்கென்று வரும்போது மோட்டார் மேலேயே கண் போகிறது. பெரிய சாமானை வாங்கி வைத்தால்தானே வீட்டுக்கு வருகிறவன் பார்ப்பான்.

பாயிடம் அந்தப் பாட்டைப் பற்றியும் கேட்டேன். பெண் குரல், ஆர்மோனியம் மட்டும், வேறு வாத்தியமே இல்லை. மெட்டை முனகியும் காட்டினேன். அப்படி ஒரு தட்டு இந்தக் கடைக்கு வந்ததே இல்லை என்றார். டாக்டருக்குத் தனியாக எங்கிருந்தோ வருகிறது. வெளிநாட்டுத் தொடர்பு இருக்கும்.

மே 12, ஞாயிறு

இன்று ஒரு துரோகத்தைக் கண்டுபிடித்தேன். சாயங்காலம் பக்கத்து வீட்டில் அந்தக் குரல் கேட்கிற நேரமெல்லாம் சாந்தாமணி நம் வீட்டில் இருப்பதில்லை. அங்கேதான் போகிறாள், டாக்டர் சம்சாரம் ரெஜினா டீச்சரிடம்.

"அங்க எதுக்கு அடிக்கடி?" என்றேன்.

"சும்மாதானுங்."

"பாட்டு கேக்கப் போறியா?"

கொஞ்சம் திடுக்கிட்ட மாதிரி இருந்தது. "பாட்டுதானுங்," என்றாள்.

"நம்ம வீட்டுல கேட்டா ஆகாதா?"

"அங்க நல்லாருக்குதுங்."

"என்ன நல்லாருக்குது? அடிச்சத்தமா, மேல்சத்தமா? குரல் நடுவுல நிக்குதா?"

"உக்கார எடம் இருக்குதுங்," என்றாள்.

கேட்ட கேள்விக்குச் சம்பந்தமே இல்லாத பதில். இருபது வருஷத்துக்கு மேல் குடும்பம் நடத்தியும் ஒலியைப் பற்றி நாலு வார்த்தை சொல்லத் தெரியவில்லை. என் அறையில் உட்கார இடம் இல்லாமலா இருக்கிறது? இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே நூல் பிடித்து அளந்து, தரையில் சிவப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, அதன் மேல் சாய்வு நாற்காலி போட்டிருக்கிறேன். அந்த ஒரு நாற்காலிக்குத்தான் அறை முழுக்கக் கணக்குப் போட்டது. முன்பு ஒருநாள் அவள் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டாள். பிளாஸ்டிக் எதிரொலிக்கும் என்று எடுத்துச் சொன்னதும் கொண்டுபோய்விட்டாள். இன்னொரு தடவை தட்டு ஓடும்போது கூடவே முணுமுணுத்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஊசியைத் தூக்கிவிட்டு அவள் முடிக்கும்வரை காத்திருந்தேன், அவ்வளவுதான். அதற்கப்புறம் முணுமுணுப்பதே இல்லை. சொன்னால் புரிந்துகொள்வாள், அந்த விஷயத்தில் தங்கமான பெண்.

அப்படிப்பட்டவளை வேறொருத்தர் வீட்டு ஊசி இழுத்துக்கொண்டு போய்விட்டது.

மே 15, புதன்

கரையான் மருந்துக்காரர்கள் வந்தார்கள். நான் காட்டின இடத்தில், அதாவது டம்ளர் வைத்த இடத்துக்கு நேர் கீழே, தரையை ஒட்டி டிரில் போட்டார்கள். கரையான் ஒன்றுகூட வெளியே வரவில்லை. கட்டட காண்டிராக்டர் சிக்கனம் பிடித்துக் கட்டின நாலு இஞ்ச் சுவர், டிரில் மறுபக்கம் போய்விட்டது.

"ஓட்டை விழுந்துருச்சுங். பூசிக் குடுத்தர்றமுங்," என்றார் ஒருத்தர்.

"பரவால்ல, நானே பூசிக்கறேன்," என்றேன்.

பூசுகிற உத்தேசம் இல்லை. சத்தியமாக, பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. அந்தப் பக்கம் ஓட்டையை மறைத்துக்கொண்டு ஏதோ பீரோவின் முதுகு. ஆனால் சத்தம்? தரையில் குப்புறப் படுத்தால் டம்ளரைவிடப் பல மடங்கு தேவலை. டர்ன்டேபிளையும் மாற்றாமல் கார்ட்ரிட்ஜையும் மாற்றாமல் நல்ல ஒலி வாங்கின முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

மே 17, வெள்ளி

சாந்தாமணி காலையில் வெந்நீரில் உப்புப் போட்டுத் தொண்டையைக் கொப்பளிக்கிறாள். தயிரை நிறுத்திவிட்டாள். ஐஸ்கிரீம் வேண்டாம் என்கிறாள். பல் வலியாக இருக்கும். டாக்டர் வீட்டுக்குப் போய் பழகினால் இதுவும் வரும் என்று நினைத்துக்கொண்டேன். அற்ப சந்தோஷம்தான். இருந்தாலும் சந்தோஷம்.

மே 19, ஞாயிறு

ஃபுட்வால்வ் பக்கமே நின்றேன். கார்ட்ரிட்ஜ் வாங்கியாகிவிட்டது. விலையை எழுதவில்லை. இந்த டைரி பூட்டு இல்லாத டைரி.

மாட்டுவதற்குள் பிராணன் போய்விட்டது. எறும்புக் கால் மாதிரி நாலு ஒயர், சிவப்பு, வெள்ளை, பச்சை, நீலம். கண்ணாடியைக் கழற்றினால் ஒயர் தெரியவில்லை, போட்டால் திருகாணி தெரியவில்லை. ஒரு திருகாணி கீழே விழுந்தது. கடையில் இருந்து காந்தம் எடுத்துவரச் சொல்லித் தரை முழுக்கத் துழாவினேன். கடைசியில் சாந்தாமணி வந்து என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, என் முழங்கையில் ஒட்டிக்கொண்டிருந்ததை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

"இத்தன சின்னச் சாமானு மாத்துனா பாட்டு மாறிருமுங்களா?"

"நீயே கேட்டுப் பாரு."

"நேரமாச்சுங். டீச்சர் காத்துட்டு இருப்பாங்க."

போய்விட்டாள். நான் தனியாக நாற்காலியில் சாய்ந்து கேட்டேன். முன்னைவிடத் தெளிவு, ஒப்புக்கொள்கிறேன். 'ச' வருகிற இடமெல்லாம் கத்தரிக்கோல் மாதிரி இருந்தது. ஆனால் அது இசைத்தட்டு. பாடுகிறவள் எங்கேயோ, எப்போதோ, ஸ்டுடியோக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பாடின பாட்டு. நாற்காலியைவிட்டு இறங்கித் தரையில் படுத்தேன். ஓட்டை வழியாக வந்தது ஆள்.

மே 23, வியாழன்

முக்கியமான கண்டுபிடிப்பு. இன்று அந்தக் குரல் ஒரு அடியைப் பாடி, நடுவில் நின்று, லேசாகத் தொண்டையைச் செருமிக்கொண்டு, அதே அடியை முதலில் இருந்து பாடியது. மறுபடியும் நின்றது. மறுபடியும் அதே இடம். டாக்டர் ஊசியைத் தூக்கித் தூக்கி, மயிரிழை பிசகாமல் அதே கோட்டில் வைக்கிறார் என்று அர்த்தம். அதற்கு எப்படிப்பட்ட கை வேண்டும், எப்படிப்பட்ட பெட்டி வேண்டும். என் டர்ன்டேபிளில் அப்படி முயற்சி செய்தால் ஊசி சறுக்கிக்கொண்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடும்.

அப்புறம் அந்தச் செருமல். ரிக்கார்டிங் செய்தவர்கள் வெட்டாமல் விட்டுவிட்ட செருமல்கூட அந்த ஊசிக்குக் கிடைக்கிறது. என் தட்டுகளில் எத்தனை செருமல் எனக்குக் கேட்காமல் புதைந்து கிடக்கின்றனவோ.

ஆக, கார்ட்ரிட்ஜ் இல்லை. டர்ன்டேபிள்தான். பொறாமையில் ராத்திரி ரெண்டு தோசை குறைவாகச் சாப்பிட்டேன். சாந்தாமணி கவனித்ததாகத் தெரியவில்லை. ஏதோ ஞாபகத்தில் விரலால் மேஜையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள்.

மே 25, சனி

"டர்ன்டேபிள்தான் பாய்," என்றேன்.

"நான் அன்னிக்கே சொன்னேனேண்ணே," என்றார் பாய்.

ஜூன் 1, சனி

வந்து இறங்கியது. லிஃப்டில் ஏற்றவே ரெண்டு ஆள். தட்டு வைக்கிற வட்டம் மட்டும் அம்மிக்கல் கனம். மோட்டாரைத் தொட்டுப் பார்த்தேன், அதிர்வே இல்லை. என் கடையில் ஒரு மோட்டார்கூட இவ்வளவு மரியாதையாக ஓடியதில்லை. பழையதைப் பிரித்து லாஃப்டில் போட்டாயிற்று.

சாந்தாமணியைக் கூப்பிட்டேன். வாசலில் நின்றாள்.

"நான் எங்கீங் உக்கார்றது?"

"கொஞ்ச நேரந்தானே. நின்னுட்டே கேளு, நின்னா அடிச்சத்தம் நல்லா எறங்கும்."

நிலையில் சாய்ந்துகொண்டு அரைப் பாட்டு கேட்டாள். குக்கர் விசில் அடித்தது, போய்விட்டாள். குக்கர் இன்னும் ரெண்டு விசில் வரவேண்டியது என்று எனக்குத் தெரியும்.

அடிச்சத்தம் பிரமாதம். குரல் மட்டும் பழைய குரல்தான். கண்ணாடிக்குப் பின்னால்.

ஜூன் 4, செவ்வாய்

லிஃப்டில் டாக்டர் ஜெபமணி மாட்டினார். அவர் நாகர்கோவில் பக்கம், எல்லாரும் அவருக்கு அண்ணாச்சி. கௌரவத்தை விட்டுக் கேட்டுவிடுவது என்று தீர்மானித்தேன்.

"சாயங்காலம் உங்க வீட்டுப் பாட்டு ரொம்ப நல்லாருக்குதுங்களே டாக்டர்."

"தொந்தரவா இருக்கா அண்ணாச்சி? கொஞ்சம் மெதுவா வச்சுக்கிடச் சொல்லுதேன்."

"ஐயோ, அப்பிடிச் சொல்லலீங். என்ன பண்ணுனீங்கன்னு கேட்டேன்."

"நான் ஒண்ணும் பண்ணலியே. நான் அந்த நேரம் கிளினிக்ல எவன் வாயிலயாவது கைய வச்சுட்டு நிப்பேன். அதெல்லாம் டீச்சர் டிபார்ட்மெண்டு. முப்பது வருஷம் ஸ்கூல்ல பாட்டுச் சொல்லிக்குடுத்தவல்லா, அவ காதுக்குத் தப்பாது."

அப்படியென்றால் கார்ட்ரிட்ஜைத் தேர்ந்தெடுத்தது ரெஜினா டீச்சர். எனக்கு இது தோன்றவே இல்லை.

"போன மாசத்தவிட இப்ப இன்னும் தெளிவுங்."

"டீச்சரும் அதான் சொல்லுதா. மொதல்ல பயந்து பயந்துதான் வந்துச்சாம். இப்ப நல்லாத் தெறந்துட்டுதாம். இந்த வயசுல இப்படி வரும்னு அவளே நெனைக்கலியாம்."

இதுதான் விஷயம். புது ஊசி முதலில் இறுக்கமாகத்தான் இருக்கும். பல மணி நேரம் ஓடின பிறகுதான் திறக்கும். பாயும் சொல்லியிருக்கிறார். ஆனால் 'இந்த வயசில்' என்கிறாரே, அப்படியென்றால் பழைய காலத்து கார்ட்ரிட்ஜாக இருக்க வேண்டும். இப்போது அதெல்லாம் கிடைக்கவே கிடைக்காது. என் பொறாமைக்குக் கடைசியில் ஒரு சரித்திர முக்கியத்துவமும் வந்துவிட்டது.

லிஃப்டை விட்டு இறங்கும்போது டாக்டர் என் தோளைத் தட்டி, "நீங்க குடுத்து வச்சவரு அண்ணாச்சி," என்றார். குத்திக் காட்டுகிறார்.

ஜூன் 9, ஞாயிறு

கல்யாண நாள். காலையில் ஈச்சனாரி கோயிலுக்குப் போய்வந்தோம். மத்தியானம் அவள் பருப்புப் பாயசம் வைத்திருந்தாள். சாயங்காலம் புதுப் பட்டுவேட்டி கட்டிக்கொண்டு பாட்டறைக்குக் கூப்பிட்டேன். அவள் எங்கே உட்காருவது என்று கேட்பதற்கு முன்னால், என் சாய்வு நாற்காலியைக் காட்டினேன்.

"அது உங்க எடமுங்களே."

"இன்னிக்கு உன்ற எடம். உக்காரு அம்மணி."

அந்த நாற்காலியில் இதுவரை நான் யாரையும் உட்காரவிட்டதில்லை, எங்கள் வருமானவரி ஆடிட்டரைக்கூட. அவள் நுனியில் உட்கார்ந்தாள். பஸ்ஸில் அடுத்த ஸ்டாப்பில் இறங்குகிறவர்கள் உட்காருவார்களே, அந்த மாதிரி. புது டர்ன்டேபிளில் புது கார்ட்ரிட்ஜை இறக்கினேன். நான் ஓரமாக நின்றேன். அங்கிருந்து கேட்டால் குரல் ஒரு பக்கமாக இழுக்கிறது, அடிச்சத்தம் சுவரில் மோதித் திரும்புகிறது. இத்தனை வருஷமும் இவள் இந்த மூலையில் நின்று இதைத்தான் கேட்டிருக்கிறாள் போல.

நடுவில் அவள் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. என்னைப் பார்த்ததும் அதுவும் நின்றுவிட்டது.

"நல்லாருக்குதுங்," என்றாள் முடிந்ததும். "நெசமாலுமே."

"பக்கத்து வீட்டுத் தரம் இருக்குதா?"

"அது வேறீங், இது வேறீங்." சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். "ஒரு அரமணி நேரம் போயிட்டு வந்தர்றனுங்? இன்னிக்கு வர்றேன்னு டீச்சர்கிட்டச் சொல்லிட்டேன்."

கல்யாண நாள் அன்றைக்கு. போ என்றேன். வேறென்ன சொல்ல.

பத்து நிமிஷத்தில் ஆரம்பித்தது. ஆர்மோனியம் முதலில், பிறகு குரல். பட்டுவேட்டியோடு தரையில் படுத்து ஓட்டையில் காதை வைத்தேன். எங்கேயும் நிற்காமல், செருமாமல், முழுப் பாட்டும் வந்தது. இரண்டாவது அடியில் குரல் கொஞ்சம் நடுங்கி, தானே சரியாகி, மேலே போனது. இந்த ஊசி என்னிடம் இருந்தால் இவள் எதற்கு அங்கே போகிறாள் என்று நினைத்தேன். எனக்குக் கண் கலங்கியது, தரையில் தூசி. தோற்றுவிட்டேன், எழுதி வைக்கிறேன். வாங்கின இரண்டையும் பாய் திருப்பி எடுத்துக்கொள்வாரா என்று கேட்க வேண்டும்.

ஜூன் 10, திங்கள்

கடைக்குப் போகவில்லை. பாயிடமும் போகவில்லை. தரையில் ஒட்டியிருந்த சிவப்பு டேப்பை உரித்தேன். சாய்வு நாற்காலியைச் சுவர்ப்பக்கம் தள்ளினேன். பால்கனியில் துணிக்கூடை வைத்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துக்கொண்டுவந்து பக்கத்தில் போட்டேன்.

சாந்தாமணி வாசலில் நின்று பார்த்தாள். "ஏனுங், எதிரொலிக்கும்னு சொல்வீங்களே?"

"எதிரொலிக்கட்டும். உக்காரு."

இந்தத் தடவை சாய்ந்து உட்கார்ந்தாள். நான் பிளாஸ்டிக்கில் உட்கார்ந்தேன்.

"பாட்டு போடலீங்களா?"

"ஊசி சரியில்ல."

"போன மாசந்தானுங்களே வாங்குனீங்க?"

"அது அப்பிடித்தான்."

நான் எதையோ கேட்க வாயைத் திறந்து, சாயங்காலம் டீச்சர் வீட்டுக்குப் போகிறாயா என்று மட்டும் கேட்டேன். போவேன் என்றாள். நானும் வரட்டுமா என்றேன். அவள் வெகுநேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சத்தம் போடாம உக்காந்திருப்பீங்களா?" என்றாள். இருப்பேன் என்று சொல்லியிருக்கிறேன். ஊசியைத் தூக்குகிறவன் நான் என்பதை அவள் மறக்கவில்லை.

பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. டாக்டரை விட்டுவிட்டு ரெஜினா டீச்சர் மேல் திரும்பியிருக்கிறது.

எழுத மறந்துவிட்டேன். காலையில் காபி குடிக்கும்போது டாக்டர் ஜெபமணி கதவைத் தட்டினார். லாஃப்டில் போட்ட என் பழைய டர்ன்டேபிளின் பெல்ட் சும்மா கிடந்தால் வேண்டுமாம். அவருடையதில் பெல்ட் அறுந்து, பொங்கலில் இருந்து அந்த வீட்டில் தட்டே சுற்றவில்லையாம்.